சொல்லடைவின் அகரவரிசைக்குத் தனி அமைவு தேவையா?

கேள்வி

எங்கள் ஆவணக் கருவி, சொல்லடைவை (நூலின் இறுதியில் வரும் சொற்பட்டியலை) இதுவரை யூனிகோடு குறியெண் (கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்ட எண்) வரிசையிலேயே அடுக்கி வருகிறது. அதனால் தமிழ்க் கையேட்டில் ‘வன்பொருள்’ என்பது ‘வரிசை’, ‘வலைதளம்’, ‘வழு’ ஆகிய மூன்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது; ‘பகிர்தல்’ வந்த பிறகே ‘பக்கம்’ வருகிறது. ‘மொழி’ என்றோர் அமைவு (பயனர் மாற்றக்கூடிய தெரிவு) ஏற்கெனவே இருப்பதால், அதில் தமிழைத் தேர்ந்தால் வரிசையும் தமிழுக்கு மாறும்படி செய்துவிட்டால் போதுமா? அமைவுகளைப் பெருக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

மறுமொழி 1

வரிசைக்குத் தனி அமைவு வேண்டும். ஒருவர் அதை நிரப்பாவிட்டால் ‘மொழி’யின் மதிப்பையே அது எடுத்துக்கொள்ளட்டும். ஒரே மொழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வழங்குவதே காரணம். ஜெர்மனில் மேலே இரு புள்ளியிட்ட ‘ஏ’ (ä) எழுத்தை அகராதிகள் வெறும் ‘ஏ’யாகவும், பெயர்ப்பட்டியல்கள் ‘ஏஇ’ என்ற ஈரெழுத்தாகவும் கொள்கின்றன. டிஐஎன் 5007 என்ற ஜெர்மானியத் தரம் இரண்டையும் ஏற்கிறது. ஸ்பானிய மொழியிலோ ‘சிஎச்’, ‘எல்எல்’ ஆகியவற்றைத் தனி எழுத்துகளாக வரிசைப்படுத்தும் வழக்கம் 1994இல் கைவிடப்பட்டது. ஆயினும் பழைய வரிசையைக் கேட்பவர்கள் இருப்பார்கள். தமிழில் கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின் வைப்பதா, ‘ஜ’வைச் சகரத்தை ஒட்டி வைப்பதா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆகவே ஆம்/இல்லை என்ற மதிப்பு போதாது. மொழிக்குறியோடு வரிசை வகையையும் ஏற்கும் மதிப்பாக அது இருக்க வேண்டும். எழுத்துப் பட்டியலைப் பயனரே எழுதித் தரட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் ஆய்தத்தை மறந்துவிடுவார்கள்.

மறுமொழி 2

நீங்கள் காட்டிய இரண்டு பிழைகளுக்கும் காரணம் வேறு வேறு. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்கான பழைய குறியீட்டுத் தரமான இஸ்கி அட்டவணையின் அமைப்பைப் பின்பற்றியதால் ‘ன’ நகரத்தை அடுத்து வந்துவிட்டது. புள்ளியின் குறியெண்ணோ (0பிசிடி) உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் ‘க்’ என்பது ‘கி’யைத் தாண்டிப் போகிறது. யூனிகோடின் பொது வரிசை அட்டவணை முதற்பிழையைத் திருத்திவிடும். இரண்டாவதற்குத் தமிழுக்கென்று எழுதிய விதிகள் வேண்டும். எந்த மென்பொருள் நூலகத்தைச் சேர்த்தாலும் ‘பக்கம், பகிர்தல், வழு, வன்பொருள்’ என்ற வரிசை கிடைக்கிறதா என்பதைச் சோதனைத் தொகுப்பிலேயே வைத்துவிடுங்கள்.

வரிசைப்படுத்துவதற்கு முன் இயல்பாக்கமும் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியெண் வடிவங்களை ஒன்றாக்குவதும்) தேவை. ‘கொ’வின் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரண்டாகவும் எழுதலாம், இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் ‘ஔ’ என்பதற்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தட்டியிருந்தால் அது வேறு சொல்லாகவே நிற்கும், அங்கே எச்சரிக்கை காட்டுவதைத் தவிரக் கருவி செய்யக்கூடியது எதுவுமில்லை.

கேட்டவர்

நன்றி. ‘கா’, ‘கி’ எல்லாம் ‘க’ என்ற ஒரே தலைப்பெழுத்தின்கீழ் வரலாமா? ஆங்கில எழுத்தில் உள்ள சொற்களை எங்கே வைப்பது?

மறுமொழி 3

தலைப்பெழுத்தை வரிசையோடு பிணைக்காதீர்கள். சிறிய கையேட்டுக்கு ‘க’ என்ற ஒரே தலைப்பு போதும். ஆயிரக்கணக்கான சொற்கள் இருந்தால் ‘கா’, ‘கி’ எனப் பிரித்தால்தான் தேட முடியும். ஆங்கிலச் சொற்கள் தமிழுக்கு முன்னா, பின்னா என்பதற்கும் அமைவு கொடுங்கள்; கணினிக் கையேடுகளில் அவை ஏராளம் என்பதால் இதைத்தான் பலர் முதலில் தேடுவார்கள். இவற்றோடு, ஒவ்வொரு பதிவுக்கும் தனி வரிசைச்சொல் (அடுக்கும்போது மட்டும் பதிவுக்குப் பதிலாகக் கொள்ளும் சொல்) தர வழி இருக்க வேண்டும்: ‘.நெட்’ என்பது குறியீடுகளின் நடுவே போகாமல் ‘நெ’யில் வர அதுவே எளிய வழி.