ஆள் குறைய வருமானம் ஏறுமா? அயோவா, ஆடம்ஸ் கவுண்டி: கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் தென்மேற்கே ஆடம்ஸ் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) நாங்கள் வந்து இது மூன்றாவது வருடம். கணவர் மருத்துவர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் நாடு திரும்பாமல் இங்கேயே இருக்கவேண்டுமென்றால், டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்கவேண்டும். அப்படித்தான் வந்து சேர்ந்தோம். நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். வாரம் இரண்டு நாள் இங்குள்ள நூலகத்தில் உதவிக்குப் போகிறேன்.

நூலகக் குழுவில் இருக்கும் ஒரு பாட்டியம்மா போன மாதம் ஒரு கட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். "பத்து வருடம் கழித்து இங்கே யார் இருப்பார்கள், வரி கட்ட அவர்களுக்குத் தெம்பு இருக்குமா, பார்த்துச் சொல்லம்மா" என்றார். சனிக்கிழமையும் நூலகத்தைத் திறப்பதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

ஆள் கணக்கு புரிகிறது. 1900-ல் இந்தக் கவுண்டியில் 13,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2010-ல் 4,029. 2020-ல் 3,704. அயோவாவின் 99 கவுண்டிகளில் இதுதான் கடைசி. இதே 120 வருடத்தில் மாநிலம் மொத்தமாக 22 லட்சத்திலிருந்து 32 லட்சமாக வளர்ந்திருக்கிறது.

எனக்குப் பிடிபடாதது வருமானம். குடும்பங்களின் இடைநிலை வருமானம், அதாவது எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், அட்டவணைக்கு அட்டவணை ஏறுகிறது. கடைவீதியில் பூட்டிக் கிடக்கும் கடைகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இந்த எண்ணை நம்பி, "தெம்பு இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கலாமா?

பதில் 1

அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. முதலில் விலைவாசியைக் கழியுங்கள். அடுத்து, இது எல்லா வீட்டையும் கேட்டு எடுத்த எண் அல்ல; சென்சஸ் துறை சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்துக் கேட்பது. சின்ன ஊர்களுக்கு வரும் எண் ஐந்து வருட மாதிரிகளைச் சேர்த்துப் போட்டது. பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் குறியோடு பிழை எல்லை கொடுத்திருப்பார்கள். சிற்றூர்களில் அது பல ஆயிரம் டாலர் வரை போகும். இரண்டு அட்டவணைகளின் எல்லைகளும் ஒன்றோடொன்று நன்றாகக் கலந்து கிடந்தால், ஏறியதா இறங்கியதா என்றே சொல்ல முடியாது.

பதில் 2

நான் நெப்ராஸ்காவில் ஒரு கூட்டுறவு தானியக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன். இங்கே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அக்கா.

ஒரு தெருவில் ஐந்து வீடு என்று வையுங்கள். வருமானம் 22, 28, 45, 60, 90 ஆயிரம் டாலர். இடைநிலை 45. 22 ஆயிரத்தில் வாழ்ந்த விதவைப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகிறார். இல்லத்தில் இருப்பவர்களைக் குடும்பக் கணக்கில் சேர்ப்பதில்லை. 28 ஆயிரத்துக்காரர் இறந்துபோகிறார். மிச்சம் மூன்று வீடு, இடைநிலை 60. யாருக்கும் ஒரு டாலர்கூடக் கூடவில்லை, இரண்டு வீடு இருண்டு கிடக்கிறது, அட்டவணையில் மட்டும் ஊர் பணக்கார ஊராகிவிட்டது.

விவசாயிகள் வருமானத்தையும் பார்த்துப் படியுங்கள். செலவு போக நிகர வருமானத்தைத்தான் கேட்கிறார்கள். டிராக்டர் வாங்கிய வருடத்தில் பெரிய பண்ணைக்காரரும் ஏழையாகத் தெரிவார். நிலமோ வேறு கதை. அயோவாவில் சராசரி ஏக்கர் விலை 1981-ல் 2,147 டாலர். பண்ணை நெருக்கடியில் 1986-க்குள் 787-க்கு விழுந்தது. கடனில் நிலம் வாங்கிய இளம் குடும்பங்கள் அப்போது போனவை போனவைதான். அவர்கள் பிள்ளைகள் இங்கே பிறக்கவில்லை, பேரப்பிள்ளைகளும் இல்லை. இன்றைய ஆள் குறைவில் அந்த ஐந்து வருடம் அப்படியே இருக்கிறது. 2023-ல் ஏக்கர் 11,835 டாலர். ஆனால் மாநில விளைநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு 65 வயது தாண்டியவர்கள் கையில். அவர்கள் காலத்துக்குப் பிறகு வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போகும் நிலத்தின் குத்தகைப் பணம் உங்கள் கடைவீதிக்கு வராது.

பதில் 3

தலா வருமானம் என்று வர்த்தகத் துறை வெளியிடும் கவுண்டிக் கணக்கை இதோடு கலந்துவிடாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் மட்டுமல்ல, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுக்கும் மருத்துவச் செலவும் அதில் வருமானம்தான். முதியவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் கவுண்டியின் வருமானம் ஏறும்.

எல்லாச் சிற்றூரும் சுருங்குவதில்லை என்பதையும் பாட்டியம்மாவிடம் சொல்லுங்கள். அதே அயோவாவில் ஸ்டார்ம் லேக் 2010-ல் 10,600, 2020-ல் 11,269. இறைச்சி ஆலை வேலைக்கு லாவோஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள்தான் அங்கே பள்ளிக்கூடத்தை நிரப்புகிறார்கள். கடினமான வேலை, பெரிய கூலி இல்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஐந்து வீட்டுக் கணக்கைப் படித்துவிட்டு நேற்று எங்கள் தெருவில் நடந்துபோய் எண்ணினேன். பதினொரு வீட்டில் மூன்று காலி, நான்கில் தனியாக இருக்கும் முதியவர்கள். கணக்கு படித்தவளுக்கு மூன்று வருடமாக இது கண்ணில் படவே இல்லை. அந்த நால்வரில் ஒருவர்தான் எனக்கு இங்கே குளிர்காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

குழுவுக்குக் கொடுக்கும் தாளில் இடைநிலை வருமானத்தை முதல் வரியிலிருந்து எடுத்துவிட்டேன். குடும்பத் தலைவரின் வயதுவாரியாக வருமானம் காட்டும் பி19037 அட்டவணையைப் போடப்போகிறேன், பிழை எல்லையோடு. சனிக்கிழமைக்கு யார் வருகிறார்கள் என்று நான்கு வாரம் வாசலில் உட்கார்ந்து எழுதிவைக்கவும் அனுமதி கேட்டிருக்கிறேன். முதல் பதில் சொன்ன அண்ணா, 25 முதல் 44 வயதுவரை உள்ள வரிசையில் எங்கள் ஊருக்கு மாதிரி மிகச் சிறியதாக இருக்கும் போலிருக்கிறது. ஊர் அளவில் காட்டாமல் கவுண்டி அளவில் காட்டினால் தப்பாகுமா?