கொள்கைக்கு மணி குறிக்க முடியுமா?

முலுண்டுவாசி

தை பிறந்த முதல் வாரத்தில், வாழ்க்கையில் எனக்கு முக்கியம் என்று நான் கூச்சமில்லாமல் பிறரிடம் சொல்லிக்கொள்பவற்றை மகளின் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: குடும்பம், உடல்நலம், தமிழ், பிறருக்கு உதவுதல், சொன்ன சொல் தவறாமை. எதிர்ப்பக்கத்தில், அடுத்த 14 நாள்களும் எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அன்றன்றே குறித்து வந்தேன். மும்பையில் முலுண்டிலிருந்து சி.எஸ்.எம்.டி. முனையத்துக்குப் புறநகர் ரயிலில் போய்வரும் இரண்டு மணி நேரமும் கைப்பேசியில் கழிந்திருந்தது. ‘பல் தேய்த்தாயா’, ‘ஹோம்வொர்க் முடிந்ததா’ என்ற விசாரணைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மகளோடு பேசியது நாளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறவில்லை. தமிழுக்கு நேரே 14 நாளும் வெறும் கோடு.

அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றும் படிக்கிறாள். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போனால், பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைத் தெரிந்துகொள்ள என் முகத்தைப் பார்க்கிறாள். பொங்கல் விழா மேடையில் தமிழைப் பற்றி முழங்குகிறவன் நான். அந்தக் கோடு என்னைச் சுட்டது.

எனவே வரிக்கு வரி ஒரு நேரமும் இடமும் ஒதுக்கினேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும், தட்டுகளை எடுப்பதற்கு முன், அவள் ஐந்து வரி தமிழ் உரக்கப் படிக்க வேண்டும். கை காய்ந்தாலும் பரவாயில்லை. காலையில் எனக்கு அரை மணி நேர நடை. வண்டியில் தாதர் வரும்வரை கைப்பேசி பைக்குள் இருக்கும். மூன்று மாதமாகிறது. ‘ழ’வைக் கண்டால் இன்னும் தயங்குகிறாள்; ஆனால் போன வாரம் தாராவிப் பக்கம் போனபோது தமிழில் எழுதிய கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

நேரமும் இடமும் ஒதுக்கப்படாத கொள்கை வெறும் நல்லெண்ணம்தான் என்பது என் கட்சி. இதை இப்போது ‘விழுமியம் சார்ந்த வாழ்வு’ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சரி. மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

கிங்ஸ் சர்க்கிள்

தம்பி, மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. பட்டியல் போடுவதில்தான் மறுப்பு. வங்கியில் 31 ஆண்டு இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கிளைகளை ஆய்வு செய்யும் வேலை. உள்ளே நுழைந்ததும் வாடிக்கையாளர் சேவை பற்றிய உறுதிமொழி ஒன்று சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அதை நின்று படித்த ஆய்வாளரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரவு செலவுக்கும் சான்றான சீட்டுகள், அதாவது வவுச்சர் கட்டை அவிழ்ப்போம். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவாகாத தொகைகளை வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் எது எத்தனை நாளாகத் தொங்குகிறது என்று பார்ப்போம். மாலைக்குள் அந்தக் கிளையின் உண்மையான கொள்கை தெரிந்துவிடும். உங்கள் 14 நாள் கணக்குதான் வவுச்சர். அதன்படி உங்கள் கொள்கை கைப்பேசி. அதற்கு மேலே ஐந்து நல்ல சொற்களை எழுதி ஒட்டுவது, உறுதிமொழிக்குச் சட்டம் போடுகிற வேலை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காம்தேவியில் மணி பவனம் இருக்கிறது. 1917 முதல் 1934 வரை காந்தி மும்பைக்கு வந்தால் தங்கிய வீடு. மாடியில் அவருடைய அறையில் ராட்டைகள் வைத்திருக்கிறார்கள். அன்றாடப் பழக்கத்தையும் கொள்கையையும் அவரைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டவர் யார்? ஆனால் 1924 டிசம்பரில், அவர் தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரசில், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தபோது என்ன நடந்தது? உடல்நலமோ விருப்பமோ இல்லாதவர்கள், அதே அளவு நூலை வேறொருவர் நூற்க வாங்கிக் கொடுத்தாலும் போதும் என்று அந்த விதிக்குள்ளேயே விலக்கு வைக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே கட்டாயத்தையும் கைவிட்டார்கள். அதே 1925இல், எல்லோரையும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது மனத்தை மழுங்கடிக்கும் என்று தாகூர் எதிர்த்து எழுதினார். காந்தி பதில் எழுதினார். இருவரும் நட்பு குறையாமல் கடைசிவரை உடன்படாமலே இருந்தார்கள். காந்திக்கு ராட்டை கொள்கை. மற்றவர்களுக்கு அது கெஜக் கணக்காகிவிட்டது. உங்கள் நோட்டிலும் சில மாதத்தில் டிக் அடிப்பதே கொள்கையாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

டோம்பிவ்லி மகளிர் பெட்டி

ஐயா, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த விலக்கில்தான் விஷயமே இருக்கிறது. வேறொருவர் நூற்ற நூலைத் தன் கணக்கில் கட்டுவது 1925ஓடு நின்றுவிடவில்லை.

முலுண்டு அண்ணா, நீங்கள் காலை நடைக்குப் போகும் அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டு அடுப்படியில் என்ன நடக்கிறது என்று எழுதவே இல்லையே. அந்த நேரத்தில் ஒருவர் உங்கள் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டிருப்பார். இரவில் ஐந்து வரி படித்து முடிக்கும்வரை தட்டுகள் மேசையில் காய்கின்றன என்றீர்கள். காய்ந்த தட்டைத் தேய்ப்பவர் யார்? அவர் படுக்கப்போகும் நேரம் அந்தப் பாடத்தின் அளவுக்குத் தள்ளிப்போகிறதே, அதை நோட்டில் எந்தப் பக்கத்தில் குறித்தீர்கள்?

மாலையில் கல்யாண் வண்டியின் மகளிர் பெட்டியில் ஏறிப் பாருங்கள். உட்கார இடம் கிடைத்தவர்கள் மடியில் செய்தித்தாளை விரித்து மேத்திக் கீரை (வெந்தயக் கீரை) ஆய்கிறார்கள், பட்டாணி உரிக்கிறார்கள். தாணே தாண்டுவதற்குள் மறுநாள் சமையலுக்கு வேண்டியது பைக்குள் போய்விடும். பத்திரிகைகள் அதைப் படம் பிடித்து மும்பையின் அழகு என்று போடுகின்றன. நானும் அதைத்தான் செய்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. திருமணத்துக்கு முன் எட்டு ஆண்டு வாய்ப்பாட்டுக் கற்றேன். பட்டியல் போடச் சொன்னால் முதல் வரியில் அதைத்தான் எழுதுவேன். அதற்கு எந்த மணியை ஒதுக்குவது? ஞாயிற்றுக்கிழமை என்பீர்கள். அன்று தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ‘மெகா பிளாக்’ வண்டிகளுக்கு மட்டும்தான், துணி துவைப்பதற்குக் கிடையாது. வவுச்சரைப் பார்த்தே ஒருவரின் கொள்கையைச் சொல்லிவிடலாம் என்கிறார் ஐயா. அப்படியானால் என் கொள்கை மேத்திக் கீரையா?

வடாலா மாணவி

நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். இந்த விவாதத்துக்குப் பொருந்தும் ஒரு சோதனை பாடத்தில் வருகிறது. 1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படித்த 40 மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில் ஒரு மனிதர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பதுபோல் நடித்தார். ‘நிறைய நேரம் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். ‘தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கொள்கை எல்லோர் மனத்திலும் இருந்தது. அவசரம்தான் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

ஆகவே கிங்ஸ் சர்க்கிள் ஐயா சொல்வதுபோல், செய்கையை வைத்தே ஒருவரின் கொள்கையைத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம் முலுண்டு சாரின் பட்டியலில் ‘பிறருக்கு உதவுதல்’ என்ற வரிக்கு நேரம் குறிக்கவும் முடியாது. குர்லா பாலத்தில் ஒருவர் மயங்கி விழுவது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. அவசரமில்லாத பத்து நிமிடத்தை முன்கூட்டியே உண்டாக்கி வைக்கத்தான் முடியும்.

பழக்கத்தைப் பற்றி ஒரு திருத்தம்: 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக அவ்வளவு நாளாவது ஆகிறது என்று ஓர் அமெரிக்க மருத்துவர் 1960இல் எழுதியது திரிந்து வந்த கணக்கு அது. லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று அந்த 12 வாரப் போக்கை நீட்டிக் கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் தெரிந்தது. நோட்டில் ஒரு கோடு விழுந்ததற்காக முலுண்டு சார் மனம் உடைய வேண்டியதில்லை.

தொண்ணூறு அடிச் சாலை

ஆய்வுகள் இருக்கட்டும். என் தந்தை இட்லி விற்றவர். தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி ஊரெல்லாம் போகும் இட்லிக்காரர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் மூன்று மணிக்கு எழுவார், பத்தரைக்குத் திரும்புவார். மிஞ்சிப் புளித்த மாவை மறுநாள் மாவோடு கலக்கவே மாட்டார். கலந்தால் ஒருவருக்கும் தெரியாது. காரச் சட்னி மறைத்துவிடும். பக்கத்தில் கலந்தவர்கள் உண்டு. மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும்போது எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ஊத்தப்பம்தான். அது நேர்மை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, எந்த நோட்டிலும் எழுதியதும் இல்லை. இதுவரை நான் ஐயாவின் பக்கம்.

ஆனால் அதே மனிதர் என் பள்ளிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பெற்றோர் கூட்டம் காலையில் நடக்கும். ஒரு நாள் சுற்று தவறினால் வாடிக்கை அடுத்த சைக்கிளுக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. நான் பத்தாம் வகுப்புத் தேறிய அன்று, ‘இனி எத்தனை வகுப்பு இருக்கிறது’ என்று கேட்டார். அன்பில்லாதவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். மாவின் விஷயத்தில் அவருடைய கைப்பழக்கம் கொள்கையைக் காப்பாற்றியது. பிள்ளைகள் விஷயத்தில் அதே கைப்பழக்கம், யோசிக்கவிடாமல் இருபது ஆண்டை ஓட்டிவிட்டது. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருந்தால், மாதத்தில் ஒரு நாளாவது தம்பியைச் சுற்றுக்கு அனுப்பியிருப்பாரோ என்று இப்போதும் நினைப்பதுண்டு. அவருக்கு எழுதத் தெரியாது என்பது வேறு விஷயம்.

கிங்ஸ் சர்க்கிள்

உங்கள் தந்தையின் மாவுக்கு முன்னால் என் வவுச்சர் வாதம் சற்றுத் தளர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். டோம்பிவ்லி அம்மையாரின் கேள்விக்கும் என்னிடம் நேர்மையான பதில் இல்லை. வேறு வழியில்லாமல் செய்த செலவையும் விரும்பிச் செய்த செலவையும் ஒரே பத்தியில் எழுதுவது கணக்கில் தவறு. ஆய்வாளனாக இருந்த நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் டிக் அடிக்கும் ஆபத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஐந்து வரி என்று எண்ணிப் படிக்கிற குழந்தை, ஆறாவது வரியைத் தானாகப் படிக்கிறதா என்று தம்பி சொல்லட்டும்.

முலுண்டுவாசி

இல்லை ஐயா, படிப்பதில்லை. ஐந்தாவது வரியின் முற்றுப்புள்ளி வந்ததும் எழுந்து ஓடுகிறாள். ஒரே ஒரு நாள், கதையில் முதலை குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றின் நடுவே போகும் இடத்தில் ஐந்து வரி முடிந்துவிட்டது. அன்று மட்டும் மேலே படித்தாள். வரிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கதை எங்கே நிற்கிறது என்று பார்த்து நிறுத்துகிறேன் இப்போது.

மாணவி சொன்னதைச் செய்து பார்த்தேன். வழக்கமான வண்டிக்கு முந்தைய வண்டியைப் பிடிக்கிறேன். ஒரு மாதத்தில் யாருக்கும் பெரிதாக உதவிவிடவில்லை. ஆனால் ஒரு பாட்டி பிளாட்பாரம் தெரியாமல் நின்றபோது, கையை நீட்டிக் காட்டிவிட்டு ஓடாமல், கூடவே போய் ஏற்றிவிட முடிந்தது.

டோம்பிவ்லி சகோதரியின் கேள்வியை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ‘நீங்களாகக் கேட்பீர்கள் என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றார். மறுநாளிலிருந்து தட்டுத் தேய்ப்பதும் காலையில் காய் நறுக்குவதும் என் பொறுப்பு. பாடம் நடக்கும் நேரத்தில் அவர் பால்கனியில் காலை நீட்டி உட்கார்கிறார். அதன் விலையாக, இரண்டு வாரமாக ‘உடல்நலம்’ என்ற வரிக்கு நேரே கோடு விழுகிறது. நடைக்குப் போக நேரமில்லை. ஐந்து கொள்கையும் ஒரே காலைக்குள் அடங்குவதாக இல்லை. நேற்று வெண்டைக்காய் மட்டும் நாற்பது நிமிடம் தின்றது, கத்தியெல்லாம் பிசுபிசுப்பு.

டோம்பிவ்லி மகளிர் பெட்டி

கழுவிய ஈரத்தோடு நறுக்கியிருப்பீர்கள். வெண்டைக்காயை இரவே கழுவி, பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிட வேலைதான். மிச்ச நேரத்தில் நடந்துவிட்டு வாருங்கள், அண்ணா.