புதுப்பிப்பு: லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு நடைகள் – பழைய பூட்ஸ், பெற்றோருக்கான பாதை

சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஜூலை, ஆகஸ்டில் போகக்கூடிய ஒருநாள் நடைகளைப் பற்றி முன்பு போட்ட இழையின் தொடர்ச்சி இது. அதிகம் பேர் கேட்டது: "வீட்டில் கிடக்கும் பழைய ஹைக்கிங் பூட்ஸ் போதுமா?"

முதலில் சோதியுங்கள். பல பூட்ஸ்களின் நடு அடிப்பகுதி (மேல்தோலுக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் இடையில் உள்ள அடுக்கு) பாலியூரித்தேன் நுரை. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அது மெல்லச் சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். மேல்தோல் என்னவோ புதுசு போலவே இருக்கும். கட்டைவிரலால் நுரையைப் பக்கவாட்டில் அழுத்துங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, மாவாக உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். பசை தடவி ஒட்டினால் நிற்காது. கெட்டது பசை அல்ல, நுரையே. தேறிய ஜோடியையும் அடுக்குமாடி புளோக் மாடிப்படியில் சில நாள் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே பயணப் பெட்டியில் வையுங்கள்.

முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். நம் சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தானே, இறங்கிப் பழக அது போதாது! அதனால் லிஃப்டில் ஏறினாலும் படியில் இறங்கிப் பழகுங்கள்.

அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு, லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் மேலே குருட்ஷால்ப் நிலையத்துக்கு ஏறி அங்கிருந்து முர்ரன் கிராமம் வரை நடப்பது. ஏற்றம் ஏறத்தாழ 150 மீட்டர். பாதையோர மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நடை நேரத்தில் ஓய்வு சேராது. ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும், காலையிலேயே கிளம்புங்கள். கால் ஓய்ந்தால் நடுவில் விண்டரெக் நிலையத்தில் ரயில் ஏறிக்கொள்ளலாம்.