இம்யூனோகுளோபுலின் ஊசி எங்கே கிடைக்கும்? (சங்கரன்கோவில் பகுதி)

வணக்கம். நேற்று மாலை அக்கா மகனைத் தெருநாய் கடித்துவிட்டது. ஏழு வயது, 20 கிலோ எடை. கெண்டைக்காலில் பல் ஆழமாக இறங்கி ரத்தம் வந்துவிட்டது. குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம். பாட்டி சுண்ணாம்பு டப்பாவோடு வந்து நின்றார். அவரைத் தடுத்ததுதான் பெரும்பாடு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியின் முதல் தவணை போட்டாயிற்று. அடுத்தவை 3, 7, 28ஆம் நாட்களில். ஆனால் ரத்தம் வந்த கடி என்பதால் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமிக்கு எதிரான, தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) வேண்டும். அது அங்கே இருப்பில் இல்லை. தடுப்பூசியால் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்குவது இந்த ஊசிதான். முதல் தவணையிலிருந்து ஏழு நாட்களுக்குள் போடலாம் என்கிறார்கள், காத்திருக்க மனமில்லை.

தென்காசி, திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளில் இன்று இருப்பு இருக்கிறதா? அங்கே பணிபுரிகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். தனியாரில் என்றால் ஊசி மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரமா, மனித ரத்தத்திலிருந்து எடுத்த சீரமா, விலை என்ன என்பதையும் எழுதுங்கள். "பத்து நாள் நாயைக் கவனித்துவிட்டு முடிவு செய்யலாம்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். கடித்த நாயை அதன்பிறகு யாரும் பார்க்கவேயில்லை.