தீவாளி நோம்பிச் செலவைக் குறைக்க யோசனை சொல்லுங்க

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் இருக்கறோம். போன தீவாளிக்கு எடுத்ததுல ரெண்டு சட்டை இன்னும் விலைச்சீட்டோட பீரோவுல கிடக்குது. அந்தத் துணிக் கடனோட தவணை ஆடியிலதான் முடிஞ்சுது. மனசே கேக்கலைங்க. இந்த நோம்பிக்கு ஆளுக்கு ஒரே துணி, திங்கள் ராத்திரி கூடற ஈரோட்டு ஜவுளிச் சந்தையில எடுத்துக்கறோம். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், வீட்டுலயே கச்சாயமும் (அதிரசம் மாதிரி பலகாரம்) முறுக்கும்.

சிக்கல் என்னன்னா, தங்கச்சிக்குத் தலைதீவாளி. கடன் வாங்காம, சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் சீர் வைக்கலாம்னா, "சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க"ன்னு அம்மா அழுவறாங்க. அவங்க மனசு நோகாம எப்படிப் பேசறதுங்க? இப்படிச் செஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க. கச்சாய மாவு எண்ணெயில பிரியாம இருக்கப் பக்குவமும் வேணுங்க.