அயுத்தயாவின் இடிந்த கோயில்களுக்கு ஒரே நாள்: எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது?

நடைவழி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் பாங்காக் செல்கிறோம். அதில் ஒரு நாளை, தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். எழுபதை நெருங்கும் என் தந்தையும் உடன் வருகிறார். சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார். படி ஏறினால்தான் முழங்கால் பிடித்துக்கொள்ளும். பயண முகவர்கள் அனுப்பிய திட்டங்களில் ஏழெட்டுக் கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. படங்களைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன: செங்கல் மேடு, தலையில்லாத புத்தர், மறுபடியும் செங்கல் மேடு. எவற்றை விட்டுவிட்டால் பின்னால் வருந்த மாட்டேன்? இன்னொன்று, அந்தச் சிலைகளின் தலைகளை வெட்டியவர்கள் பர்மியப் படையினர்தாமா என்று தந்தை கேட்கிறார். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி.

செங்கல்தூசி:
நான் முதல் முறை சென்றபோது நீங்கள் சொல்லும் அதே வகைச் சுற்றுலாவில்தான் சென்றேன். நான்கு மணி நேரத்தில் ஐந்து கோயில்கள். வேனில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போனது, எந்தப் படம் எந்தக் கோயில் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை மூன்று கோயில்களும் ஓர் அருங்காட்சியகமும் மட்டும் பார்த்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

காலையில் வாட் மஹாதாட்டிலிருந்து தொடங்குங்கள் (வாட் என்றால் கோயில்). மரத்தின் வேர்களுக்கு நடுவே புத்தரின் மணற்கல் முகம் தெரியும் இடம் அதுதான். கூட்டம் வருவதற்குள் அதைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் எட்டிப் பார்க்காத பின்பகுதிக்குச் செல்லுங்கள். நடுவிலிருந்த பெரிய பிராங் கோபுரம் 1911இல் சரிந்து இன்று அடித்தளம் மட்டுமே நிற்கிறது. இந்த ஊரை முழுக்கப் பர்மியர்களே இடித்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்த மேடு நல்ல பதில்.

சாலையைக் கடந்தால் வாட் ராட்சபூரண. அரியணைக்காக யானைமேல் போரிட்டு இருவருமே மாண்ட இரண்டு அண்ணன்மாரை எரித்த இடத்தில், அதனால் அரசனான தம்பி 1424இல் கட்டியது. அதன் பிராங்குக்குள் ஒரு நிலவறை உண்டு. 1957இல் திருடர்கள் அதைத் தோண்டித் தங்கத்தை அள்ளிச் சென்றார்கள்; பின்னர் அரசின் நுண்கலைத் துறை மீட்டதும் தோண்டியெடுத்ததும் சேர்ந்துதான் இன்று சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகத்தைக் கட்டப் பணம் வந்த வழியும் விசித்திரமானது: அதே நிலவறையில் கிடைத்த புத்தர் உருவம் பதித்த சிறு வில்லைகளை நன்கொடையாளர்களுக்குக் கொடுத்துத் திரட்டியிருக்கிறார்கள். 1961இல் திறந்தது.

நிலவறைக்குள் இறங்கும் படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. கீழே காற்றும் இல்லை. தந்தையை இறக்க வேண்டாம். ஆனால் அருங்காட்சியகத்தில் அவரைத் தங்க அறையில் உட்கார வைத்துவிடுங்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத, மண்டியிட்ட தங்க யானை ஒன்று அங்கே இருக்கிறது. உடல் முழுக்கப் பூவேலையும் பதித்த கற்களும். வெளியே வெறும் செங்கல்லாக நிற்கும் கோபுரத்துக்குள் இதுதான் இருந்தது என்று தெரிந்த பிறகு, மாலையில் பார்க்கும் செங்கல்லே வேறாகத் தெரிந்தது எனக்கு.

மூன்றாம்வகுப்பு:
போக்குவரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அயுத்தயா பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ரயிலே போதும். சாதாரண ரயிலின் மூன்றாம் வகுப்பில் முன்பதிவும் கிடையாது, குளிர்சாதனமும் கிடையாது. சன்னலோரம் கிடைத்தால் அதுவே ஒரு பயணம். நிலையம் ஆற்றுக்குக் கிழக்குக் கரையில் இருக்கிறது, பழைய நகரமோ சாவோ பிரயா, பாசக், லோப்புரி ஆகிய மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு. நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நேராக நடந்தால் படகுத்துறை. சில பாத் கொடுத்து ஐந்து நிமிடத்தில் அக்கரை சேரலாம்.

மிதிவண்டி எனக்குப் பிடிக்கும் என்றாலும் உங்கள் தந்தைக்கு அது சரிவராது. தவளை முகம் போன்ற முன்பகுதியுள்ள துக்துக் வண்டிகள் அந்த ஊருக்கே உரியவை. மணிக் கணக்கில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கோயில், எத்தனை மணி நேரம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். முக்கியமான ஆறு இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டும் உண்டு, தனித்தனிச் சீட்டும் உண்டு. மூன்றே இடங்கள் என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நிழற்கல்:
தலைகளைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. 1767 ஏப்ரலில் நீண்ட முற்றுகைக்குப் பிறகு பர்மியப் படை நகருக்குள் புகுந்து தீ வைத்தது உண்மை. அரண்மனைக் கோயிலான வாட் பிரா சி சன்பெட்டில் 16 மீட்டர் உயரத்தில் நின்ற புத்தர் மேலிருந்த தங்கத்தை அவர்கள் உருக்கி எடுத்ததும் அப்போதுதான். ஆனால் கல்தலைகளில் தங்கம் இல்லை. அவற்றில் பல, பின்னர் வந்த புதையல் வேட்டைக்காரர்களாலும் பழம்பொருள் சந்தைக்காகத் திருடியவர்களாலும் போனவை. அயுத்தயாவின் மணற்கல் சிலைகளைப் பல துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தி, மேலே சாந்து பூசுவது வழக்கம். சாந்து உதிர்ந்தால் கழுத்து மூட்டு தானே தெரியும். அருகில் நின்று பார்த்தால் சில கழுத்துகள் உடைந்தவையாக இல்லாமல், தட்டையாகச் செதுக்கியவையாக இருப்பதைக் காணலாம்.

சுவர்களும் அப்படித்தான். 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, அதன் மதில்களுக்காக அயுத்தயாவின் செங்கற்கள் படகேறிப் போயின. ஆகவே உங்கள் தந்தையிடம் "பர்மியரும்தான்" என்று சொல்லுங்கள். "பர்மியர்தாம்" என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு செய்தி. வேர்களுக்குள் உள்ள முகத்தின் முன் படம் எடுக்கும்போது, உங்கள் தலை அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நின்றால் காவலர் குந்தச் சொல்வார். தந்தையின் முழங்காலுக்கு அது தொல்லை. அவர் சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டால் போதும், படத்தை நீங்கள் எடுங்கள்.

நடைவழி:
மூவருக்கும் நன்றி. மஹாதாட், ராட்சபூரண, அருங்காட்சியகம் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்றாவது கோயிலாக பிரா சி சன்பெட்டா, ஆற்றுக்கு அப்பால் உள்ள சாய்வத்தநாராமா என்பதுதான் குழப்பம்.

செங்கல்தூசி:
பிரா சி சன்பெட்டின் மூன்று வெண்சாம்பல் சைத்தியங்களும் (மணி வடிவத் தூபிகள்) அரசர்களின் அஸ்திக்காக எழுந்தவை, பார்க்க வேண்டியவைதாம். ஆயினும் ஒன்றுதான் என்றால் என் வாக்கு சாய்வத்தநாராமுக்கு. பிரசாத் தோங் அரசன் 1630இல் கம்போடியாவின் கெமேர் பாணியில் கட்டியது. ஆற்றங்கரைப் புல்வெளி முழுக்கச் சமதரை, தந்தை படியே ஏற வேண்டாம். வாடகைப் பட்டாடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர் கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கரை மணிக்குச் சென்று மேற்கு வெயில் பிராங்குகள்மேல் விழுவதைப் பாருங்கள். திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து நிலையம் தீவுக்கு நேர் எதிர்ப்புறம்.