250 வாட்ஸ் வூஃபர், 180 வாட்ஸ் ஆம்ப்: இருந்தும் காயில் எரிந்த அனுபவம்

வணக்கம். என் பழைய ஹேட்ச்பேக்கில் போன வருஷம் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டேன். அட்டைப்பெட்டி மேல் பெரிய எழுத்தில் 1000 வாட்ஸ். உள்ளே இருந்த தாளில் பார்த்தால் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் பவர், 250 வாட்ஸ்தான். மின்தடை 4 ஓம்ஸ். "ஆம்ப் கொஞ்சம் சின்னதா இருந்தாத்தான் சார் வூஃபருக்கு நல்லது" என்று சொல்லி, கடையில் ஆர்எம்எஸ் 180 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இரண்டே மாதம். இரவு சேலம் பைபாஸில் போகும்போது டிக்கிப் பக்கமிருந்து வார்னிஷ் கருகுகிற வாசனை. வண்டியை ஓரங்கட்டி வூஃபரின் கோனை மெதுவாக அழுத்திப் பார்த்தேன். சரசரவென்று உரசியது. கோனை ஆட்டுகிற கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், போய்விட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஹைவேயில் டயர் சத்தத்தில் பேஸ் அமுங்கிப் போகிறதே என்று ஆம்ப்பில் உள்ள கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) முழுசாகத் திருப்பி, பேஸ் பூஸ்டையும் ஏற்றி வைத்திருந்தேன். 6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் ஆம்ப் நாலு மடங்கு பவர் கொடுக்க வேண்டும். அதனால் முடியாது. அப்போது அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு, சதுரம் மாதிரி ஆகிவிடும். இதுதான் கிளிப்பிங். முழுக்க வெட்டுப்பட்டால் 180 வாட்ஸ் ஆம்ப்பிலிருந்தே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பவர் காயிலுக்குள் போகலாம். பாட்டின் இடைவெளியில் காயில் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது.

இந்தத் தடவை ஆர்எம்எஸ் 300 வாட்ஸ் ஆம்ப் வாங்கி, கெயினை நானே மீட்டர் வைத்து செட் செய்தேன். எத்தனை வோல்ட் வரை ஏற்றலாம் என்று தெரிய, வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுக்க வேண்டும். 250 × 4 = 1000, அதன் ரூட் 31.6 வோல்ட். வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, பூஸ்டையும் ஈக்வலைசரையும் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டேன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் பிடித்தபடி கெயினைக் கீழிருந்து ஏற்றினேன். 28 வோல்ட்டிலேயே நிறுத்திக்கொண்டேன். அது 196 வாட்ஸ், எனக்குத் தாராளம். ஒன்று கவனியுங்கள், மீட்டருக்குக் கிளிப்பிங் தெரியாது. சின்ன ஆம்ப்பில் இதே வோல்ட்டைத் தேடிப் போனால் வெட்டுப்பட்ட அலையோடுதான் அங்கே போய்ச் சேருவீர்கள்.

* * *

அண்ணா, எனக்கு வூஃபர் தப்பித்தது, ஆம்ப்தான் போனது. நான் வாங்கியது டூயல் வாய்ஸ் காயில், அதாவது ஒரே வூஃபரில் இரண்டு காயில், 2 ஓம்ஸ் + 2 ஓம்ஸ். என் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் குறைந்தது 2 ஓம்ஸ் வரைதான் தாங்கும். மாட்டியவர் இரண்டு காயிலையும் பேரலலில் கொடுத்துவிட்டார். அது 1 ஓம், ஆம்ப் தாங்குவதைவிடக் குறைவு. பத்து நிமிஷம் பாடும், சிவப்பு லைட் எரிந்து ப்ரொடெக்ட்டில் போகும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். சூடு ஆறினதும் திரும்பப் பாடும். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு.

இந்த வூஃபரை சீரிஸில் போட்டால் 4 ஓம்ஸ், பேரலலில் 1 ஓம். 2 ஓம்ஸ் வரவே வராது. எனக்குத் தேவைப்பட்டது 4 + 4 காயில், பேரலலில் சரியாக 2 ஓம்ஸ் வந்திருக்கும். ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓம்ஸைப் பார்த்துவிட்டு வூஃபர் வாங்கப் போங்கள். நாலு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்கிறவர்கள் (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்க்கிறவர்கள்) இன்னும் கவனமாக இருங்கள். பெரும்பாலானவை பிரிட்ஜில் 4 ஓம்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது.

* * *

நான் பதினைந்து வருஷமாக கார் வயரிங் செய்கிறேன். கெயின் சரியாக இருந்தும் கிளிப் ஆகும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் ஆம்ப்புக்குக் கரண்ட் பத்தவில்லை என்று அர்த்தம். 300 வாட்ஸ் கொடுக்க கிளாஸ் டி ஆம்ப் 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய மலிவு வயரில் வோல்டேஜ் இறங்கும், அதே கெயினில் அலை சீக்கிரமே வெட்டுப்படும். சுத்தச் செம்பு வயர் போடுங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். வழியில் வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். அப்புறம் எர்த், அதாவது வண்டி பாடியில் மாட்டும் மைனஸ் வயர். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் இறுக்க வேண்டும்.

* * *

இதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன் அண்ணா. சத்தமாக வைக்கும்போது ஆம்ப்புக்குப் பவர் வரும் முனையில் 11.9 வோல்ட்தான். எர்த் போல்ட் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. சுரண்டி இறுக்கினேன். அதே பாட்டு, அதே வால்யூம், இப்போது 13.2. ரொம்ப நன்றி.